நெய் தொட்ட கை

ஹேடோ
11.11.2024

அன்புள்ள நஜ்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பாராடாங்குக்குப் போன் போட்டால் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நிச்சயத்தன்று உங்கள் ரிஸ்வான் சஹனில் உட்கார்ந்துவிட்டு, ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துவிட்டார். நாலு பேர் ஒரே தட்டில் கை வைக்கும் இடத்தில் மாப்பிள்ளை எழுந்தால் என்ன அர்த்தம்? அதுவும் நெய் வியாபாரி வீட்டு நெய்ச்சோறு. என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து கடையில்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மகள் இர்பானா அழுதுகொண்டிருக்கிறாள். எங்களைப் பிடிக்கவில்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அஸ்மா

பாராடாங்
14.11.2024

லாத்தா, வ அலைக்குமுஸ்ஸலாம்.

பிடிக்காமல் இல்லை. என் பிள்ளைக்குப் பால் ஆகாது, நெய்யும் ஆகாது. சொன்னால் மாப்பிள்ளைக்கு நோய் என்று பேசுவார்களே என்று பயந்து மூடி வைத்தேன். இர்பானாவை அழ வைத்தது எனக்கே பொறுக்கவில்லை.

நஜ்மா

ஹேடோ
18.11.2024

நஜ்மாவுக்கு,

இவ்வளவுதானா? கேட்டதும் இவர் சிரித்துவிட்டார். "அரே, நெய்யில பால் எங்க இருக்கு? பாலைக் குடிச்சா வயிறு உப்புற சுதாகர் சாரே நம்மகிட்டதான் நெய் வாங்குறாரு" என்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ரிஸ்வானைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். எண்ணெய்ச்சோறு என்று சொல்லி நெய்ச்சோறு வைப்பாராம். சாப்பிட்ட பிறகு உண்மையைச் சொன்னால் பயம் தெளிந்துவிடுமாம். நீங்கள் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

அஸ்மா

பாராடாங்
20.11.2024

லாத்தா, வேண்டாம்.

வயிறு உப்புகிறவர்களுக்கு நெய் ஒத்துக்கொள்ளலாம். இது அலர்ஜி, வேறு. பாலில் இருக்கும் புரதம்தான் இவனுக்கு ஆகாது, எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் துளியாவது தங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் நெய் தொட்ட கரண்டியால் பரிமாறிய சோற்றுக்கே தொண்டை அடைத்துவிட்டது. பெரிப் படகுக்குக் காத்து நின்ற ஜீப்பில், என் மடியில், உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். இப்போது அவன் கப்பல் வேலையில் இருக்கிறான், போன் போகவே மாட்டேன் என்கிறது; அங்கிருந்து நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவான். இது கிடைத்ததா என்று அதே பஸ்ஸில் ஒரு வரி அனுப்புங்கள். வரும்வரை பெரித்துறையில்தான் நிற்பேன். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று மச்சானிடம் சொல்லுங்கள். எனக்குப் பிள்ளை வேண்டும்.

நஜ்மா

ஹேடோ
22.11.2024

நஜ்மா,

நேற்று அனுப்பிய வரி கிடைத்திருக்கும், ஆனாலும் நீ துறையிலேயே நிற்பாய் என்று தெரியும். உன் கடிதத்தை இவரிடம் வாசித்தேன். வெளியே போனவர் சோறாக்கப் புதுத் தேக்சா, புதுக் கரண்டி, தேங்காயெண்ணெய் டின்னோடு வந்தார். இர்பானா அடுப்படியைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

இன்று சஹனை வைத்ததும் இவர் தான் செய்ய இருந்ததை ரிஸ்வானிடம் அப்படியே சொல்லிவிட்டார். ரிஸ்வான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். இவர் எழுந்து போய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவி, பக்கத்தில் உட்கார்ந்தார். "நெய் தொட்ட கை, மாப்ளே. நல்லாக் கழுவிட்டேன். நீங்க சரின்னா நானும் இதே தட்டுல சாப்பிடுறேன்" என்றார்.

ரிஸ்வான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். இப்போது வெளியே உட்கார்ந்து இவரோடு கப்பல் கதை பேசுகிறார், நன்றாக இருக்கிறார்.

நீ பெரித்துறையை விட்டு வீட்டுக்குப் போ. போய்ச் சாப்பிடு.

லாத்தா