எறும்பு ஊர்ந்த கை

இன்று காலை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கதவைத் திறந்ததும், உலர்ந்த ஏலக்காயின் சூடான மணம் முகத்தில் அடித்தது. போடி ஊருக்கே பிடித்த மணம். எனக்கு மட்டும் அதற்குள் கருகிய தோலின் வாடையும் வருகிறது.

மலைமெட்டுச் சரிவில் ஏலச் செடியின் காய்ந்த தட்டைகளைக் கவாத்து எடுக்கும்போது, கத்தி நழுவி உன் வலது மணிக்கட்டு நரம்பை அறுத்தது. மதுரையில் தைத்தார்கள். விரல்கள் மரத்தே கிடந்ததால், தைத்தது வீண் என்று உன் புருஷன் நான் முணுமுணுத்தேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அறுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்பிழை சிதைந்து குப்பையாகுமாம். இழையைப் போர்த்தியிருக்கும் துணை அணுக்களும், இரத்தத்தோடு வரும் எதிர்ப்பு அணுக்களும் அந்தக் குப்பையைத் தின்று தீர்க்குமாம். வழி சுத்தமானால்தான் புது இழை மெல்ல இறங்குமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ சிரித்தாய்.

“நம்ம கவாத்துதான் மாமா. காஞ்சத எடுத்தாத்தானே புதுத் தட்டை வரும்.”

“என் கைக்குள்ள ஆள் எறங்கி வேலை பாக்குது, கூலியே கெடையாது” என்று தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் எல்லோரிடமும் பெருமையடித்தாய். சில மாதங்களில் மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாய். புது இழை வருகிறது என்றார் டாக்டரம்மா. உணர்வு திரும்பும்வரை சூட்டுப் பக்கம் அந்தக் கையைக் கொண்டுபோகக் கூடாது என்றும் படித்துப் படித்துச் சொன்னார். எறும்பு உள்ளங்கைக்கு வந்த வாரம்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

ஸ்டோரில் வெப்பமானி இருந்தும் நாங்கள் யாரும் அதை நம்பியதில்லை. விறகடுப்பிலிருந்து வரும் சூட்டுக் குழாயை நீ விரலால் தொட்டுச் சொன்னால்தான் விறகைக் குறைப்போம். அன்றும் பழக்க தோஷத்தில், சூடு ஏறிவிட்டதா பார் என்றேன். அதே தோஷத்தில் நீயும் வலது கையை நீட்டினாய்.

“இன்னும் ஏறல மாமா” என்று விரலை எடுக்காமலே சொன்னாய். வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

உனக்குச் சர்க்கரை வேறு. புண் சீழ் வைத்து, விஷம் மேலே ஏறியது. கையை எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சம்மதக் காகிதத்தை நீட்டினார்கள். இவ்வளவு தூரம் வந்த நரம்பை வெட்ட விடாதீர்கள் என்று நீ அழுதாய். நான் கையெழுத்துப் போடவில்லை. என் தப்புக்கு உன் கை போவதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை உன் உள்ளங்கையைப் பிடித்திருந்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

“ஒங்க கை குளுந்து கெடக்கு மாமா.”

நரம்பு அறுபட்ட பிறகு அந்தக் கை ஒரு தொடுகையை உணர்ந்து சொன்னது அது ஒன்றுதான். மதியத்துக்குள் நீ போய்விட்டாய். அந்த நரம்பு பிழைத்ததா என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. ஒற்றைக் கையோடாவது நீ இருந்திருக்கலாம்.