ரொட்டி வண்டியில் குடித்தனம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் ஐந்து கார் சீட் உறை தைத்தேன். கடைசி உறையில் மடிப்பு கோணலாகிவிட்டது. பிரித்து மறுபடி தைத்தேன். மனசு தையலில் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில், சாயங்காலம் ஆறு மணிக்கு, அவரை வீட்டில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். கண் டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. ஓரப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. சொட்டு மருந்து விட்டால் மீதியைக் காப்பாற்றலாம். போனது போனதுதான். இனி வண்டி ஓட்டக் கூடாது.

முப்பத்து நாலு வருஷம் லாரி ஓட்டியவர். "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"உக்கார இடம் கிடைச்சுது" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

ஓய்வு பெற்றதும் என்னை ஊர் ஊராகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். மலை மேல் ஒரு ஏரி. கடலை ஒட்டியே அறுபது கிலோமீட்டர் ஓடும் ஒரு சாலை. மேகம் நமக்குக் கீழே நிற்கும் ஒரு வளைவு. வழியில் வண்டியை நிறுத்தி போன் பண்ணிச் சொல்வார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது. இந்த ஊரைத் தாண்டிப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

இன்று சாப்பிடும்போது சொன்னேன்: "நான் ஓட்டறேன். நீங்க வழி சொல்லுங்க."

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை. "தண்ணி குடு" என்றார்.

மார்ச் 17, திங்கள்

ஒரு புருஷன் பெண்டாட்டி கடைக்கு ஒரு வேனைக் கொண்டுவந்தார்கள். மெத்தை உறை தைக்க வேண்டுமாம். மெத்தைக்கு அளவு எடுக்கத்தான் உள்ளே ஏறினேன். பார்த்தால் உள்ளே ஒரு வீடு. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, ஜன்னலுக்குத் திரை. அந்த அம்மாள் எனக்கு அங்கேயே டீ போட்டுக் கொடுத்தாள். ஒன்றரை வருஷமாக அதிலேயே இருக்கிறார்களாம்.

"யார் ஓட்டறது?"

"அலுப்பு வர்ற வரைக்கும் நான். அப்புறம் அவர்."

அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காத அளவையெல்லாம் எடுத்தேன். கட்டிலின் உயரம், அடுப்பின் அகலம், நடக்கிற இடம். எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். லைசென்ஸ் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. அடையாள அட்டையாகத்தான் பயன்பட்டது. சொல்லிக்கொடுக்கிறவளுக்கு என் மகள் வயசு.

"ஆன்ட்டி, ஸ்டியரிங் கழுத்தை நெரிக்காதீங்க. அது ஓடிப்போயிடாது."

நான் அதை நெரித்திருக்காவிட்டால் ஓடித்தான் போயிருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

வேன் வாங்கி ஊர் ஊராகப் போகப்போவதை மகளிடம் சொல்லிவிட்டேன். குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. உனக்கு ஓட்டத் தெரியாது. ரெண்டு பேருமாச் சேர்ந்து எங்கம்மா போறீங்க?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அவளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தேன் — அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வண்டி கிடைத்துவிட்டது. ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரு வருஷமாகச் சும்மா நின்ற வேன். கடைக்காரர் கழித்துக்கட்டினால் போதும் என்றிருந்தார். பக்கவாட்டில் பெரிய ரொட்டிப் படம். வெயிலில் வெளுத்துத் தலையணை மாதிரி ஆகிவிட்டது.

அவர் வர மாட்டேன் என்றார். பிறகு, "சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார். போனதும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தகரம் முழுக்கத் தடவினார். குனிந்து, படுத்து, சட்டையெல்லாம் கரி. ஒரு மாசமாக நாற்காலியைவிட்டு நகராத மனுஷன்.

"இஞ்சின் நல்லா இருக்கு. உடம்புலதான் துரு."

"என்னைச் சொல்றீங்களா, வண்டியையா?"

ஒரு மாசத்துக்கு அப்புறம் இன்றுதான் சிரித்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

உள்ளே மூன்று மீட்டர் நீளம். ஒன்று எழுபது அகலம். நான் நிமிர்ந்து நிற்கலாம். அவர் தலை இடிக்கும்.

"காலம் பூரா நான்தான் குனிஞ்சேன். இப்ப உங்க முறை" என்றேன்.

ஏப்ரல் 19, சனி

இன்று கூரையில் ஓட்டை போட்டேன். வேண்டுமென்றேதான். காற்றுப் போக ஒரு விசிறி வைக்க வேண்டும். மாப்பிள்ளை அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்களே பண்றீங்களா அத்தை?" என்றார். முழுசாக இருக்கிற தகரத்தை வெட்ட மனசு வரவில்லை. பிறகு துணி என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அடுத்தவர் துணியில் கத்தரி வைத்தவளுக்கு இது என்ன? வட்டம் பிசிறில்லாமல் வந்தது.

மே 4, ஞாயிறு

கட்டில் முடிந்தது. அடியில் தண்ணீர்த் தொட்டி, நாற்பது லிட்டர். மரச்சட்டத்தை அவர் பிடித்துக்கொள்ள நான் திருகாணி முடுக்கினேன். மெத்தை உறைக்கு என் கடையிலேயே நல்ல கனத்த துணி எடுத்தேன். முதலாளி, "உனக்கு நீயே தைக்கிறப்ப மட்டும் ரெட்டைத் தையலா?" என்று கேட்டார். ஆமாம். எனக்கு நானே தைப்பது இதுதான் முதல் தடவை.

மே 11, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதி வைக்கிறேன்.

நேற்று காலை எங்கள் முதல் பயணம். எழுபது கிலோமீட்டர், ஒரு ஏரிக்கரை. இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். வீட்டு வாசலைத் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார். "கியரை மாத்து. ஓரமாப் போ. பிரேக். பிரேக்." இல்லாத பிரேக்கைத் தன் காலாலே மிதிக்கிறார். முப்பது கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு வளைவில் "ஐயோ, மோதிடுவே" என்று கத்தினார். எதிரே ஒன்றுமே இல்லை. நான் பதறிப்போய் அழுத்திய அழுத்தில் பின்னால் அலமாரி திறந்துகொண்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். சர்க்கரை, டீத்தூள், பருப்பு, எல்லாம் தரையில். தண்ணீர்த் தொட்டியின் குழாய் கழன்று மெத்தை நனைந்துவிட்டது. என் ரெட்டைத் தையல் மெத்தை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கத்தினேன். "நீங்களே ஓட்டுங்க. வாங்க, வந்து ஓட்டுங்க. முடியாதில்ல? அப்ப வாயை மூடிட்டு வாங்க."

சொல்லியிருக்கக் கூடாது. எப்படிச் சொன்னேன்? என் வாயில் எப்படி வந்தது அது?

ஏரியைப் பார்க்காமலே திரும்பிவிட்டோம். மகள் வந்து ஈர மெத்தையை வெயிலில் காயப்போட உதவினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மே 12, திங்கள்

பேசவில்லை. இருவரும்.

மே 13, செவ்வாய்

காலையில் வண்டியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மூலை முடுக்கெல்லாம் சர்க்கரை, எறும்பு குடிவந்துவிட்டது. அவர் வந்து படியில் உட்கார்ந்தார்.

"உன் மேல பயம் இல்ல" என்றார்.

நான் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குப் பாதி ரோடுதான் தெரியுது. மீதியை நானே நெனச்சுக்கறேன். நான் நெனச்சுக்கற ரோட்டுல எல்லா வண்டியும் நம்ம மேலதான் வருது."

துடைப்பத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பயப்படுவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

"உண்மையைத்தானே சொன்னே."

ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் கியரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் பேசவே கூடாது. வழி மட்டும்தான் அவருடையது.

ஜூன் 1, ஞாயிறு

ஏரியைப் பார்த்துவிட்டோம்.

நெடுக வாய் ஓயாமல் பேசினேன். "எதுத்தாப்ல ஒரு பஸ், தூரத்துல. சைக்கிள்ல ஒரு அம்மா, தாண்டிட்டோம். பச்சை கேட்டு போட்ட பள்ளிக்கூடம்." பள்ளிக்கூடம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு இறக்கம். ரெண்டாவது வளைவு ஏமாத்தும், பாத்துக்கோ." ஏமாற்றத்தான் பார்த்தது. நான் ஏமாறவில்லை.

என் கண்ணும் அவர் ஞாபகமும் சேர்ந்தால் ஒரு முழு டிரைவர். தொண்டைதான் கட்டிவிட்டது.

ஏரிக்கரையில் பின்கதவைத் திறந்துவைத்து டீ போட்டேன். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன். எந்தப் பச்சை என்றார். உங்க பழைய லாரியோட பச்சை என்றேன்.

ஜூன் 14, சனி

கடையில் கடைசி நாள். முதலாளி என் மெஷினைத் துணி போட்டு மூடினார். "ரெண்டு மாசத்துல அலுத்துப்போய்த் திரும்பி வருவே. இடத்தை வெச்சிருக்கேன்" என்றார். நல்ல மனுஷன். "வேற ஆளைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

வீட்டுச் சாவி மகளிடம். வாங்கிக்கொண்டு, "தினம் ஒரு போன். இல்லேன்னா போலீசுக்குச் சொல்லிடுவேன்" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

கடல் சாலை. அறுபது கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அடிக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மலை ஏறும்போது சிரமமே இல்லை. இறக்கம்தான். பதினெட்டு வளைவு. ஏழாவது வளைவில் ஏதோ தீயும் வாடை. அடுப்பை அணைத்தேனா என்று யோசித்தேன், அணைத்திருந்தேன். எட்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போகிறது. வண்டி நிற்கவில்லை. கல் மாதிரி கெட்டியாக இருந்த பிரேக் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

அப்போது நான் பேசுவதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. அவரும் பேசவில்லை. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். வண்டி முனகியது, வேகம் கொஞ்சம் செத்தது. பிரேக்கை விட்டு விட்டுக் குத்தினேன். கைப்பிரேக்கைப் பல் பல்லாக இழுத்தேன், ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுற்றிவிடும். ஒன்பதாவது வளைவு. ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பினேன். வளைவு தாண்டி, பாறை ஓரம் மண் மேடு கொட்டி வைத்த ஒரு ஒதுக்கிடம். முதல் கியர். மண்ணில் ஏற்றினேன். நின்றது.

இஞ்சினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பிரேக் போனது உங்களுக்குத் தெரியலையா?"

"எட்டாவது வளைவுலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பேசக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நான்கு நகமும் பதிந்து சிவந்திருந்தது. பாறையைப் பார்த்தபடி சொன்னார்: "வாயைத் திறக்கத்தான் போனேன். ரெண்டாவது கியர்னு சொல்ல வந்தேன், போட்டுட்டே. விட்டு விட்டு மிதின்னு சொல்ல வந்தேன், மிதிச்சுட்டே. மண்ணுல ஏத்துன்னு சொல்லணும். அதுக்குள்ள ஏத்திட்டே. நான் என்னத்தைச் சொல்றது?"

பிரேக் ஆறுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். எதிரே ஏறிப்போன லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி விசாரித்துவிட்டு, கீழே இருக்கிற பட்டறையைச் சொன்னார். மீதி ஒன்பது வளைவையும் இரண்டாவது கியரிலேயே இறக்கினேன். நடந்து போகிறவர்கூட எங்களை முந்தியிருப்பார். பட்டறைக்காரர் தேய்ந்த பிரேக் கட்டைகளைக் கழற்றிக் காட்டி, "இதை வெச்சா இறக்கினீங்க?" என்றார்.

மகளுக்கு இதைச் சொல்லப்போவதில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்: நான் இறக்கினேன்.

ஜூலை 27, ஞாயிறு

மழை. வண்டியைவிட்டு இறங்கவில்லை. கூரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும் ரயிலில் வந்து ஒரு நாள் எங்களோடு இருந்தார்கள். மகளை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினேன். ஒரு சந்தில் தண்ணீர் லாரி எதிரே வந்து நின்றுவிட்டது. பின்னால் எடுத்து வழிவிட்டேன். இறங்கும்போது, "எப்பம்மா இதெல்லாம் கத்துக்கிட்டே?" என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

தானும் இப்படி ஒன்று கட்டலாம் என்று, மெத்தைக்கு அடியில் என்னென்ன அளவு என்று மாப்பிள்ளை குறித்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 20, புதன்

அவருக்கு மருந்து தீர்ந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு கண் மருத்துவமனையைக் கண்டுபிடித்து வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். அழுத்தம் கூடவில்லையாம். ஐந்து மாசமாக இருந்தது இருந்தபடியே இருக்கிறது. ஆறு மாசத்துக்கு மருந்து எழுதிக்கொடுத்தார்கள்.

உள்ளே போகும் முன், சீட்டு எழுதுகிற பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேர், வயசு. முகவரி கேட்டபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகள் வீட்டு முகவரியைச் சொன்னேன். பிறகு அவரைப் பார்த்து, "உங்க கூட வந்திருக்கிறது யாருங்க ஐயா?" என்றாள்.

"என் டிரைவர்" என்றார்.

அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சம்சாரம்னு எழுதிக்கோம்மா" என்றேன்.

"ரெண்டையும் எழுதும்மா" என்றார் அவர். "டிரைவரை முதல்ல எழுது."

அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. சின்ன எழுத்தாக, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.