எந்த மரத்தடியில் நீ

என் பிரியமான அக்காவுக்கு,

மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் ஒரு வெள்ளைப் பூ மிதந்து வந்ததைத்தான் முதலில் பார்த்தேன். தேயிலைப் பூ. நம் தோட்டத்தின் மேல் டிவிசனில் இப்போது ஒருவரும் இல்லை. ஆனாலும் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. குடத்தோடு சண்டை போட ஆளில்லாமல் அது கொட்டுவதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

உனக்குத் தெரியாதே. நீ போய் இரண்டாவது மழைக்கு, நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் பெரிய வெடிப்பு விழுந்தது. எல்லோரையும் ஃபெக்டரிக்குப் பக்கத்தில் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லிந்துலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். வருகிறவர்களிடம் விலை சொல்லவே கூச்சம். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

ஆபத்து என்று இத்தனை வருசமாக மேலே போக விடவில்லை. இந்தத் திவசத்துக்கு அப்பா யாரிடமும் கேட்காமல் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். முழங்கால் வலியில் அம்மா வரவில்லை. ஒரு போத்தலில் பால் கொடுத்து, உன் தலைமாட்டில் ஊற்றிவிட்டு வரச் சொன்னாள்.

பாதையெல்லாம் மானாப்புல். லயத்தில் நாம் இருந்த காம்பராவின் கூரைத் தகரம் இறங்கி, உள்ளே ஒரு கொய்யா நிற்கிறது. நாம் தின்று துப்பிய விதையோ? அடுப்படியில் காட்டுப்பன்றி படுத்த குழி.

"தொரைகிட்ட பேர் பதியாமலே குடி வந்துருச்சு பாரு" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருமுறை கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நீ கேட்டாயே, உலகத்தில் மனுசனே இல்லாமல் போனால் இந்த மலை என்னவாகும் என்று. நான் பயந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒன்னும் ஆகாதுடி. தேயில எல்லாம் நிமிந்து நிக்கும், அவ்வளவுதான்" என்றாய். அப்படியேதான் நிற்கிறது, அக்கா. நாளைக்கு எல்லோரும் போய்விட்டால் லிந்துலைக் கடைத்தெருவிலும் புல் ஏறும். பட்டிப்பொல தண்டவாளத்தில் மான் படுக்கும். யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. மலை நம்மைத் தேடவேயில்லை.

உன்னைப் புதைத்த இடம் தெரிய, தலைமாட்டுச் செடியை மட்டும் கவ்வாத்து வெட்டாமல் விடச் சொல்லி அப்பா கேட்டிருந்தார். வெட்டி முடிந்த மலையில் மற்றதெல்லாம் முழங்கால் உயரத்தில் மொட்டையாக நிற்க, அது ஒன்று மட்டும் உயர்ந்து தெரியும். கீழ் ரோட்டிலிருந்தே அம்மா கும்பிடுவாள். அதனால் நாங்கள் கல் வைக்கவில்லை, சிமெந்து கட்டவில்லை. வெட்டவே ஆளில்லாமல் போகும் என்று யார் நினைத்தது?

இப்போது எல்லாச் செடியும் மரம். எல்லாம் அப்பாவின் தலைக்கு மேலே. எல்லாம் பூத்திருக்கின்றன.

அப்பா ஒவ்வொன்றின் அடியையும் தடவிப் பார்த்தார். பாசி மூடி, பழைய வெட்டு இல்லாதது எது என்று தெரியவில்லை. "இந்த நெறதான். இந்த நெறதான்" என்று அந்த வரிசையிலேயே மேலும் கீழும் நடந்தார். பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார்.

"எல்லாத்தையும் வெட்டிப் பாத்துருவோம் பாப்பா. மண்ணு தெரிஞ்சா எடம் தெரியும்."

அப்பாவை எதிர்த்து நான் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டுனா திரும்பக் கொழுந்து வந்துரும்ப்பா. அக்கா கொழுந்து எடுத்தது போதும்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ அந்த வரிசையில் எங்கேயோ இருந்தாய். நாங்கள் பேசியது கேட்டதா?

அடுத்த திவசத்துக்கு அப்பாவால் ஏற முடியாவிட்டாலும் நான் வருவேன், அக்கா. பாதை மூடிப்போனாலும் வருவேன். இதை அங்கே நின்றே உன்னிடம் சொன்னேன். பிறகு போத்தலைத் திறந்து, வரிசையின் முதல் மரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மூடிப் பால் ஊற்றிக்கொண்டே போனேன்.

உன் கையைப் பிடித்தே நடந்த
தங்கச்சி