அத்தைக்கு இடம் பார்த்தோம்

பந்தல்குடி
14-9-1973

அன்புள்ள மகன் பால்ச்சாமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் மாடு கன்றும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதி இருபது நாளாகிறது, பிலாயில் தபால்பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று உன் அய்யா கேட்கிறார். பருத்தி விதைக்கக் காட்டை உழுது போட்டிருக்கிறோம், மழை மல்லாங்கிணறு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

சங்கரம்மாள் அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்ன ஆயிற்று என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். முப்பது வருஷம் நாத்தனாராக இருந்து என்னை ஆட்டிவைத்தவர், வாதம் வந்த பிறகு தூக்கி உட்கார வைக்க இரண்டு ஆள் வேண்டும். சித்திரையில் நானும் அவருமாகச் சேர்ந்து விழுந்ததில் என் இடுப்பு இன்னும் நேராகவில்லை. பேச்சை முதலில் எடுத்ததே அவர்தான். பொன்னுத்தாயி, நீயும் படுத்துட்டா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குறது, போயி ஒரு எடம் பாத்துட்டு வாங்க என்றார். பொண்ணு குடுக்கப் போற மாதிரி எல்லாத்தையும் விசாரிங்க, முடிவாகுறதுக்கு முன்னால அங்க கையை நனைச்சிராதீங்க என்று வேறு சொன்னார். சம்பந்தம் பேசப் போன வீட்டில் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம் அல்லவா, அந்த வழக்கத்தை இல்லத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மதுரையில் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் கட்டில் மாடியில் இருந்தது, ஏற்றி இறக்க ஆளில்லை. இன்னொன்று நல்ல சுத்தம், ஆனால் பதினைந்து பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. உன் அத்தை அங்கே ஒரு வாரம் இருந்தால் மேனேஜர் ஓடிப்போய்விடுவார். இரண்டு இடத்திலும் சாப்பிடச் சொன்னார்கள், வேண்டாமென்று வந்துவிட்டோம். மறுநாள் பார்த்தது விருதுநகர்ப் பக்கம், கன்னியாஸ்திரிகள் நடத்துவது. தரைக்கட்டடம், வேப்பமரத்தடியில் இரண்டு கிழவிகள் தாயம் விளையாடி அதற்கொரு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு அதுவே பிடித்துவிட்டது. மணி இரண்டாகிவிட்டது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான், தலை சுற்றிக்கொண்டு வந்தது. சமையல்காரம்மா சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். மறுசோறும் வாங்கினேன், உன்னிடம் மறைப்பானேன். உன் அய்யா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, இன்னும் நாலு இடம் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். உன் அய்யா வாயில் எதுதான் தங்கும். அத்தை ஒரே சிரிப்பு. கைய நனைச்சாச்சுல்ல, இனிமே என்ன பேச்சு, வார வெள்ளிக்கெழம கொண்டுபோயி விடுங்க என்றார். பசிக்குத் தின்னது மதினி, அதெல்லாம் சேத்தியா என்று நானும் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தேன், அவரிடம் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன். நான் விரட்டினேன் என்று ஊரில் ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்றுதான் பழியைத் தூக்கி என் பசி மேல் போட்டிருக்கிறார். எனக்குப் பிறகுதான் விளங்கியது, அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்ஸி வைத்துக் கூட்டிப்போனோம். முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, வழியெல்லாம் டிரைவருக்குப் பெண் பார்த்துக்கொண்டே வந்தார். இல்லத்தில் சிஸ்டர் ஆள் சேர்க்கிற பாரம் ஒன்றை எடுத்து, அவசரத்துக்குத் தகவல் சொல்ல நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டார். உன் அய்யா தன் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பால்ச்சாமி, எம் மகன், பிலாய்ல வேல பாக்கான் என்றார் அத்தை. பிள்ளை பெறாதவர் என்று சிஸ்டருக்கு எப்படித் தெரியும், அப்படியே எழுதிக்கொண்டார். நான் உன் அய்யாவைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். குழம்பில் உப்பு கூட என்று குறை சொல்கிறார், அதனால் நன்றாகத்தான் இருக்கிறார்.

நீ வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளி, ஹோட்டல் சப்பாத்தியே கதியென்று கிடக்காதே. இருளப்பசாமி துணையில் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு. அந்தப் பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் கையெழுத்து வேண்டுமாம், தள்ளிப்போடாமல் போட்டு அனுப்பு. உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதியிருக்கும். பெற்ற நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், திருத்தச் சொல்லவில்லை. நீயும் திருத்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னுத்தாய்