கழுத்துக் கோணல்

மார்ச் 11
மாடலாக வரவேண்டிய மீனவருக்குக் காய்ச்சல். இன்றைய பாடம்: ஒரே முகம், தூரிகையிலும் கேமராவிலும். எல்லாம் தயார். முகம்தான் இல்லை.

"நீங்களே உக்காருங்க மாரென்," என்றாள் மாணவி லெர்கெ. "டீச்சர் அசையாம, பேசாம இருக்கிறத நாங்களும் ஒரு தடவ பாக்கணும்ல?"

உட்கார்ந்தேன். எட்டு மாணவர்கள் என்னைச் சுற்றித் தங்கள் பலகைகளோடு. புகைப்படம் கற்றுத்தரும் எஸ்பென் அவர்களுக்கிடையே நடந்து நடந்து படமெடுத்தான். வடக்கு ஜன்னலில் மெல்லிய, சாம்பல் வெளிச்சம்.

வெறும் முகமாக இருப்பது விநோதம். எதையும் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

மார்ச் 12
கோபன்ஹேகன் ஓவியக் கல்லூரி வேலை எனக்குத்தான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொந்த ஊர், நிரந்தர வேலை.

ஏன் சந்தோஷத்தில் குதிக்கவில்லை?

மார்ச் 13
எல்லோரும் சேர்ந்து தங்கும் இந்தப் பள்ளியின் காலைப் பாட்டு முடிந்ததும் காப்பி மேஜையில் எஸ்பெனிடம் சொன்னேன். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஓரம்வரை, மிக ஒழுங்காக.

"போறியா?"

"தெரியல. நீ என்ன சொல்ற?"

ரொட்டியையே பார்த்தான். "நீ இங்க இருந்தது... அவ்வளவு மோசமில்ல."

அவ்வளவு மோசமில்லை! டென்மார்க்கின் மேற்குக் கோடியில், இந்த யூட்லாந்துக் காற்றில் இரண்டு குளிர்காலம், பக்கத்துப் பக்கத்து அறையில், ஒரே கெட்டிலில் காப்பி. மிஞ்சியது இதுதான். நாலு மாத வாடகைக்காரனைப் பற்றிச் சொல்வது போல.

சரி. போகிறேன்.

மார்ச் 15
படங்களைச் சுவரில் மாட்டிப் பேசும் நாள். எட்டு ஓவியம். எட்டிலும் என் கழுத்து கோணல். ஒன்றில் இடப்பக்கம் திரும்பியிருக்கிறேன், ஒன்றில் வலப்பக்கம். தோர்கிலின் ஓவியத்தில் ஏறக்குறையக் காதும் கொண்டையும் மட்டும். கோபம் வந்தது. இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த கோபம் —

"நான் நேராத்தானே உக்காந்திருந்தேன்? முகத்தோட நடுக்கோட்டை முதல்ல பிடிங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"நீங்க எங்க நேரா இருந்தீங்க?" என்றான் தோர்கில். "சுத்திச் சுத்தித் திரும்புனீங்க. கழுத்தப் பிடிக்கிறதா, மூக்கப் பிடிக்கிறதா?"

"வெளிச்சம் மாறிச்சு. அதான்."

"வடக்கு ஜன்னல்ல வெளிச்சம் மாறாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

லெர்கெ எஸ்பென் எடுத்த புகைப்படங்களைப் பக்கத்தில் மாட்டினாள். அறையின் எல்லா மூலைகளிலிருந்தும் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் நான் நேராகப் பார்க்கிறேன். கேமராவை. கேமராவுக்குப் பின்னால் இருந்தவனை.

யாரோ இருமினார்கள். அந்த இருமலுக்குள் சிரிப்பு இருந்தது.

எஸ்பென் அப்போது அங்கே இல்லை. நல்லவேளை. — நல்லவேளையா?

மார்ச் 16
பாத்திரம் கழுவும் முறை எனக்கும் லெர்கெவுக்கும் தோர்கிலுக்கும். ஓடவும் முடியாது, கை நிறைய நுரை.

"அவர்கிட்ட எப்ப சொல்லப்போறீங்க?" லெர்கெ.

"சொல்ல என்ன இருக்கு? நான் இருந்தது அவனுக்கு 'அவ்வளவு மோசமில்ல'யாம்."

தோர்கில் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. "அவர் வாயால சொன்னாரா?"

"ஆமா."

"அய்யோ, கோபன்ஹேகன்காரி! எங்க யூட்லாந்துப் பக்கம் அதுக்கு மேல புகழ வார்த்தையே கிடையாது. நான் பொறந்தப்ப எங்கப்பா தொட்டிலுக்குள்ள எட்டிப் பாத்துட்டு 'அவ்வளவு மோசமில்ல'ன்னாராம். எங்கம்மா இன்னும் அதையே சொல்லிச் சொல்லி உருகுறாங்க."

"என்கிட்ட எவனாவது அப்படிச் சொன்னா இந்தக் கரண்டியாலயே போடுவேன்," என்றாள் லெர்கெ.

"அதான் உனக்கு யூட்லாந்துல ஆள் கிடைக்கல."

நம்பலாமா? தோர்கில் எதையும் கேலியாக்குபவன். ஆனால் அந்தத் தட்டு நிஜமாகவே விழுந்தது.

மார்ச் 18
மாணவர்கள் எஸ்பெனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நியாயம்னா நியாயம்தானாம். பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

"கழுத்து திரும்பக் கூடாது," என்று நானே உத்தரவு போட்டேன். பிறகு பலகை பலகையாக நடந்து திருத்தினேன். நான் எங்கே போனாலும் அவன் கழுத்து திரும்பவில்லை. மயிரிழைகூட.

சரிதான், என்று நினைத்துக்கொண்டேன். தோர்கிலின் அப்பா கதை தொட்டிலோடு முடிந்தது.

கடைசியில் எட்டையும் வரிசையாக வைத்தோம். எட்டிலும் கழுத்து தூண் போல நேர். கண்கள் மட்டும் — ஒன்றில் இந்த ஓரம், ஒன்றில் அந்த ஓரம், இன்னொன்றில் கிட்டத்தட்ட வெள்ளை விழிதான்.

எஸ்பென் எழுந்து வந்து பார்த்தான். வெகுநேரம்.

"கண்ணு தப்பா விழுந்திருக்கு," என்றான்.

"தப்பாவா?" என்றேன்.

அவன் காது சிவந்தது. "இல்ல."

எட்டுப் பேருக்கும் ஒரே சமயத்தில் தூரிகை கழுவ வேண்டியிருந்தது.

மார்ச் 22
கடற்கரையில் நடந்தோம். காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் கை சூடாக இருந்தது.

மார்ச் 29
கல்லூரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நன்றி, வரவில்லை.

அம்மா போனில்:

"கிறுக்கா உனக்கு? அந்தக் காத்தடிக்கிற ஊர்ல அப்படி என்னதான் இருக்கு?"

"வெளிச்சம் நல்லாருக்கும்மா."



"நானும் வெளிச்சத்துக்காகத்தான் உங்கப்பா ஊருக்கு வந்தேன்," என்றாள். "பேரென்ன?"