மஞ்சள் சோற்றின் உச்சி

மங்கரே, ஒக்லண்ட்
ஜூலை 6

அன்புள்ள மகள் நிருஜாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், குளிர் மட்டும் இந்த வருடம் எலும்பு வரை போகிறது. நீயும் மருமகனும் சின்னவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். மருமகன் என்ற சொல்லைக் கண்டதும் நீ திரும்ப ஒருமுறை வாசிப்பாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். போனில் கதைக்கலாமென்று இரண்டு தரம் உன் நம்பரை அழுத்தினேன், மணி அடிக்க முன்னமே வைத்துவிட்டேன். கடிதமென்றால் நின்று நின்று எழுதலாம். தமிழ் எழுத்து உனக்குத் தடுமாறினால் எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி, அவசரமில்லை.

அண்ணா நிமலன் ஆல்பனியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து போகிறான். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான், மருந்து பூசச் சொன்னால் நாளைக்கு என்கிறாள். நான் இன்னும் அதே ஏர்போட் சரக்குக் கொட்டகையில்தான் வேலை, அடுத்த வருடத்தோடு நிற்க யோசனை. உப்பைக் குறை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

என் சொல் கேளாமல் அன்ட்ரேயைக் கட்ட நீ இந்தோனேசியாவுக்குப் போன இந்த இரண்டு வருடமும் அம்மா உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் உன்னோடு கதைத்தாள். எனக்குத் தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு இருந்துவிடுவேன். பிள்ளை பிறந்த கிழமை அவள் ஒளிக்கவில்லை, போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். சின்னவரின் முகத்தை நெடுநேரம் பார்த்தேன், நெற்றி நம்முடைய பக்கம். அடுத்த படத்தில் அன்ட்ரேயின் தாயார் ஒரு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார், மேசை நிறைய ஓலைப் பொதிகளில் மஞ்சள் சோறு. பேரன் பிறந்ததற்காக விடிய எழும்பித் தெருவுக்கே சமைத்தாராமே. "இதென்ன, பொங்கலோ?" என்று கேட்டேன். உன் வீட்டைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "எனக்கென்ன தெரியும், மகளிட்ட நீங்களே கேளுங்கோவன்" என்றாள் அம்மா.

உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. யூலியிடம் கேட்டேன். எங்கள் கொட்டகையில் பெட்டிகளின் லேபல் பார்க்கிற பெண், ஜாவாவில் சோலோ என்ற ஊர். படத்தைக் கண்டதும் அவள் முகமே மாறிவிட்டது. அது நாசி கூனிங், மஞ்சள் சோறு, நல்ல காரியம் எதற்கும் செய்வோம் என்றாள். ஆனால் ஊருக்கு ஊர் வேறாம். அவளுடைய ஊரில் சோற்றைக் கோபுரம் போல் குவித்து, சுற்றவரக் கறிகளை வைத்து, மூத்தவர் உச்சியை வெட்டி, தான் மதிக்கிற ஆளுக்கு முதலில் கொடுப்பாராம். உங்கள் மனாடோவில் அது காலைச் சாப்பாடாகவே போகுமாம், பனையோலை மாதிரி ஓலையில் கட்டி, உறைப்பாகப் பிரட்டிய சூரை மீனோடு. அவளுடைய புருஷன் பஞ்சார்மாசின் என்ற ஊர் ஆள், அங்கே காய்ந்த மிளகாய் அரைத்த சிவப்புக் குழம்பு இல்லாமல் மஞ்சள் சோறே இல்லையாம், பார்க்கப் பயமாக இருக்கும், வாயில் வைத்தால் இனிப்பாம். கல்யாணமாகிப் பதினாறு வருடம், இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்று சிரித்தாள்.

எனக்கு அதைச் சமைக்க வேண்டும் போல் இருந்தது. ஏனென்று கேட்காதே. முதல் தரம் மஞ்சள் கூடிக் கைத்தது. இரண்டாம் தரம் குழைந்து களியாகிவிட்டது, அம்மா சீனி போட்டுச் சாப்பிட்டாள். பிறகு யூலி சொல்லித்தான் தெரிந்தது, அரிசி தேங்காய்ப்பாலை இழுத்ததும் இறக்கி ஆவியில் அவிக்க வேண்டுமாம். இடியப்பம் அவிக்கிற பானையில் வைத்தேன், ரம்பை இலையும் எலுமிச்சம்புல்லும் போட்டு. சரியாக வந்தது. சூரைக்குப் பதிலாக இங்கத்தைக் கஹவாய் மீனைப் புகைபோட்டதாய் வாங்கி உதிர்த்து, மிளகாய் போட்டுப் பிரட்டினேன். அடுப்படியில் நிற்கும்போது மாசிக் கருவாட்டு மணம் வந்தது. மாசியும் சூரைதானே, உன் மாமியார் வீட்டு மீனைத்தான் நாங்களும் சம்பலுக்கு இடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

சின்னவர் பிறந்த முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நிமலனை வரச் சொன்னேன், யூலியையும் கூப்பிட்டேன். அவள் புருஷன் வரமுடியாமல் ஒரு சட்டி சிவப்புக் குழம்பைக் கொடுத்துவிட்டிருந்தார். வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டி, சோற்றை அமர்த்தி, தட்டில் கவிழ்த்தவள் யூலிதான். கத்தியை என் கையில் தந்து, யாருக்கென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

நான் உச்சியை வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், வாய் தன்பாட்டில் சொல்லத் தொடங்கிவிட்டது. நீ பிளேன் ஏறிய அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அண்ணாவுக்குச் சொன்னது பொய். கொட்டகைக்கும் நீ நின்ற இடத்துக்கும் நடந்தால் பத்து நிமிடம். சாப்பாட்டு நேரம் என் கையில் இருந்தது. பெட்டி ஒன்றின்மேல் இருந்து, உன் பிளேன் எழும்புகிற சத்தம் வரை அசையாமல் இருந்தேன். நோகிற காலோடு உன் சூட்கேசை இழுத்துக்கொண்டு ஏர்போட்டுக்கு வந்தவள் உன் அம்மா. எல்லாவற்றையும் நிமலனுக்கு முன்னால் சொன்னேன். தமிழ் விளங்காத யூலி நான் ஏதோ பிரார்த்தனை சொல்கிறேன் என்று நினைத்து, இரண்டு கையையும் ஏந்தி ஆமீன் என்றாள். அம்மா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். "உப்புக் காணாது" என்றாள். பிறகு என் தட்டை இழுத்து, தன் உச்சிச் சோற்றில் பாதியைப் பிரித்து அதில் வைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான் பிள்ளை. உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனால் கேட்கிறேன். செப்டம்பரில் எனக்கு மூன்று கிழமை லீவு இருக்கிறது. நீ ஓம் என்றால் நானும் அம்மாவும் வருகிறோம். சம்மந்தியம்மாவிடமும் ஒரு சொல் கேள், அவருடைய வீடு. வேண்டாமென்றாலும் எனக்கு விளங்கும். ஆனால் எதுவானாலும் நீயே எனக்குச் சொல், அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஏசுவதென்றாலும் நேரே ஏசு, கேட்டுக்கொண்டிருப்பேன்.

பால் கொடுக்கிற உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்துக் குளிசையை விடாதே. சின்னவரைக் குளிப்பாட்டினால் காதுக்குப் பின்னால் ஈரம் துடைக்க மறக்காதே. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருங்கள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உங்களோடு.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அப்பா,
ஜெயரட்ணம்