வண்டிக்குப் புது ஸ்பீக்கர்

11 ஜனவரி 1963, வெள்ளி

வண்டி ரேடியோ சரியில்லை என்று இன்றும் புகார். இவர் மில்லிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "எட்டு மணி நியூஸ்ல ஒரு வார்த்தை புரியலை. தங்கத்தைப் பத்தி என்னமோ சொல்றான், கொசு பாடற மாதிரி இருக்கு."

வண்டியோடு வந்த ரேடியோ. டயலுக்குக் கீழே ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். வாங்கிய நாளிலிருந்து அதில்தான் கேட்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை. எல்லைச் சண்டைக்குப் பிறகு எல்லோருக்கும் நியூஸ் பைத்தியம். காலையில் இவர் ஓட்ட, பக்கத்தில் எங்கள் பெண் விஜி, பின்சீட்டில் மில் கணக்கு ஆபீஸ் ஜகந்நாதனும் ஸ்டோர்ஸ் கிட்டுவும். மாடுங்காவிலிருந்து லால்பாக் வரை ஓடும் சின்ன சபை. விஜியை வழியில் பரேலில் அவள் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவார்.

பதினாலு காரட்டுக்கு மேல் இனி நகை செய்யக்கூடாதாம். விஜி கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருப்பது போதுமா என்று நான் கேட்கிறேன். அவர் ஸ்பீக்கர் விலை சொல்கிறார்.

20 ஜனவரி, ஞாயிறு

கிங்ஸ் சர்க்கிள் ரேடியோ கடையில் வேலை பார்க்கும் இசக்கி தாராவியிலிருந்து வந்தான். பின்சீட்டுக்கு மேலே இருக்கும் பலகையை வட்டமாக அறுத்து, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தினான். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டான். "இது கெடந்து கெடந்து தொண்ட கட்டிப்போச்சுய்யா. புதுசப் பாருங்க, எட்டு இஞ்சு! வண்டி தாதர் தாண்டும்போதே அம்மா இங்கன காப்பிக்கு அடுப்புப் பத்தவைக்கலாம்."

போட்டுக் காட்டினான். மாடியில் ஜன்னல்கள் திறந்தன. "எப்படி? செவிட்டுச் சாமிகூட எந்திரிச்சு ஆடும்லா!"

விஜி சிரித்தாள், நான் சிரித்தேன். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

இதை ஏன் எழுதினேன்? தெரியவில்லை.

24 ஜனவரி, வியாழன்

நாளையிலிருந்து ஜகந்நாதன் ரயிலில் போகிறாராம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம்.

3 பிப்ரவரி, ஞாயிறு

இசக்கி மறுபடி வந்து இரண்டாவது ஸ்பீக்கரும் வைத்துவிட்டுப் போனான். ஒன்று போதவில்லை என்கிறார் இவர். "இதுக்கு மேல தூக்கினா கிழிஞ்சிரும்யா" என்று அவனே தயங்கினான். ஆனாலும் காசை வாங்கிக்கொண்டான்.

மாலையில் செம்பூருக்கு, ஒரு ஜாதகம் விஷயமாக. விஜி வரவில்லை. ரேடியோ பின்னந்தலையில் அடிக்கிறது. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. சயான் தாண்டியதும், "பையன் பூனாவிலேயேதான் இருப்பானாமா?" என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். முழுசாக. என் வாயைப் பார்த்தபடி, "என்ன?" என்றார். எதிரே லாரி. நான் கையை நீட்டிக் கத்தினேன். ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"நீ கத்தினா நான் எப்படி ஓட்டறது?"

நான் கத்தியது கேட்டதா, என் கையைப் பார்த்தாரா?

திரும்பி வரும்போது நான் வாயே திறக்கவில்லை.

9 பிப்ரவரி, சனி

கிட்டுவும் கழன்றுகொண்டான். "ரயில்ல நல்ல சீட்டுக் கோஷ்டி ஒண்ணு மாட்டிருக்கு மாமி. விடமாட்டேங்கறா." பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் எங்கள் வாசல் கோலத்தைப் பார்த்தான்.

இனி காலையில் வண்டியில் இவரும் விஜியும் மட்டும்.

16 பிப்ரவரி, சனி

மார்க்கெட்டில் ஜகந்நாதன் மனைவி வாலாம்பாளைப் பிடித்தேன். "மாமாவுக்கு நடை எப்படி ஒத்துக்கறது?" என்றேன். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சுப்பு, நான் சொன்னேன்னு வெச்சுக்காதே. எங்காத்துக்காரர் சொல்லக்கூடாதுன்னிருக்கார்" என்றாள்.

தாதரில் டிராம் பின்னாலேயே மணியடித்துக்கொண்டு வந்திருக்கிறது. இவர் தண்டவாளத்தை விட்டு விலகவே இல்லை. டிராம்காரன் காலால் மிதித்து மிதித்து மணியடிக்கிறான், தெருவே திரும்பிப் பார்க்கிறது, இவர் பாட்டுக்கு ஓட்டுகிறார். ஜகந்நாதன் தோளைத் தொட்டபோதுதான் ஒதுங்கினாராம். அதற்கடுத்த நாள் தீயணைப்பு வண்டியாம்.

"ஏன் அவர்கிட்ட நேரா சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? இத்தனை வருஷம் ஏத்திண்டு போன மனுஷரை? உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

17 பிப்ரவரி, ஞாயிறு

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் தறி ஷெட்டில் இருக்கிறார், இப்போது வீவிங் மாஸ்டர். ஷெட்டுக்குள் நான் ஒரு முறை போயிருக்கிறேன், ஆயுத பூஜைக்கு முன் தினம். தறிகள் ஓடும்போது அங்கே யாரும் பேசிக் கேட்பதில்லை. எதிரே நின்று வாயை அசைப்பார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. இவரிடம் எதுவானாலும் எதிரே போய் நின்று, முகத்தைக் காட்டித்தான் சொல்வோம், கொஞ்சம் உரக்க. விஜி தவழ்கிற வயதிலேயே அப்பாவின் முழங்காலைத் தட்டிவிட்டுத்தான் பேசுவாள். மில்காரன் வீடு என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

இந்த வீட்டில் அவர் காது எப்போது போயிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. வண்டியில் மட்டும்தான் எதிரே நிற்க முடியாது.

முழுக்கவா போய்விட்டது? இல்லை, இருக்காது. கொஞ்சம் மந்தம். அந்த ரேடியோ அலறலில் யாருக்குத்தான் ஹாரன் கேட்கும்?

24 பிப்ரவரி, ஞாயிறு

அவர் குளிக்கும்போது கீழே போனேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒயர், கால் மிதிக்கு அடியில் ஓடுகிறது. சீட்டுக்குக் கீழே இசக்கி அதை முடிந்துவைத்திருக்கும் இடம் தெரியும். பிரித்துவிட்டேன். டயல் விளக்கு எரிகிறது, முள் நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

நாளைக் காலை கத்துவார். கத்தட்டும். ரேடியோ இல்லாவிட்டால் தெருவாவது காதில் விழும்.

25 பிப்ரவரி, திங்கள்

ஒன்றும் சொல்லவில்லை. விஜி மட்டும் என்னை ஓரமாக இழுத்துப்போய், "ரேடியோ பாடவே இல்லைம்மா. அப்பா திருகிண்டே வந்தார். நான் ஒண்ணும் கேக்கலை. பயமா இருந்தது" என்றாள்.

26 பிப்ரவரி, செவ்வாய்

சாப்பிடும்போது தானாகவே சொன்னார்: "ரெண்டு ஸ்பீக்கர் வெச்சது நல்லதாப் போச்சு. இன்னிக்கு நியூஸ் எவ்வளவு தெளிவா இருந்தது தெரியுமா!"

விஜி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் ரசம் ஊற்றினேன். அது தட்டுக்கு வெளியே போயிற்று.

ஏமாற்றுகிறாரா? எங்களையா, தன்னையேவா?

27 பிப்ரவரி, புதன்

விஜி கோவிலுக்குப் போயிருந்தாள். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்றேன். குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்தேன்.

"ஸ்பீக்கர் ஒயரை ஞாயித்துக்கிழமையே பிடுங்கிட்டேன்."

"எதுக்குப் பிடுங்கினே?" என்றார்.

சட்டென்று வந்துவிட்டது அவருக்கு, ஷெட்டில் பதில் சொல்கிற மாதிரி. நான் மறுபடி குரல் இல்லாமல், "இப்ப நான் சத்தமே போடலை" என்றேன். பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

"பொங்கல்லேர்ந்து சுத்தமா இல்லை. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. மொதல்ல நெஜமாவே ரேடியோதான் மோசம்னு நெனச்சேன், சுப்பு."

"மில்லுல?"

"தறி மேல கையை வெச்சாத் தெரியும் எனக்கு. ஒருத்தனுக்கும் சந்தேகம் கிடையாது. காது போச்சுன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். விஜி கல்யாணம் ஆகட்டும். செவிடன் பொண்ணுன்னா எவன் வருவான்?"

அழவில்லை நான். அழுதால் வாய் கோணும், நான் சொல்வது அவருக்குப் புரியாது என்று தோன்றியது.

1 மார்ச், வெள்ளி

முடிவானது இது. விஜி இனி ரயிலில். பாஸ் வாங்கியாயிற்று. வண்டியை நிறுத்த முடியாதாம். எப்போதும் வண்டியில் வருகிறவர் திடீரென்று ரயிலில் வந்தால் மேனேஜர் கேட்பார் என்கிறார். மெதுவாக ஓட்டுவாராம், ஓரமாக ஓட்டுவாராம். தனியாகத்தான் போவாராம்.

சரி என்றேன்.

அப்புறம் ஒன்று கேட்டார். ஒயரை மறுபடி கோத்துவிடச் சொன்னார். "ரேடியோ பாடாம போனா கிட்டு கேப்பான், வாட்ச்மேன் கேப்பான்." கோத்துவிட்டேன். எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கீழே நின்று கையைக் காட்டினேன், போதும், போதும் என்று. அதற்கும் மேலேயே திருகினார்.

என் பெண் வண்டியில் இல்லை. இன்று நன்றாக மூச்சு விடுகிறேன். தெருவில் போகிறவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள்?

8 மார்ச், வெள்ளி

தினமும் காலையில் வண்டி திரும்பும் வரை ஜன்னலில் நிற்கிறேன். வண்டி மறைந்த பிறகும் பாட்டு கேட்கிறது. அப்புறம் அதுவும் நின்றுவிடும். சாயங்காலம் பாட்டு வந்து சேரும் வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

14 மார்ச், வியாழன்

பாட்டு வரவில்லை.

கிட்டு வந்தான். "மாமாவுக்கு ஒண்ணும் இல்லை மாமி. ஒண்ணும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கார். சைக்கிள்காரன்தான்…"

15 மார்ச், வெள்ளி

அந்த ஆள் பெயர் நயினார். தாராவியில் தோல் பட்டறை வேலை. சைக்கிளில் இரண்டு பக்கமும் தோல் கட்டு. இவர் ஓரமாக, ஓரமாக என்று ஒதுங்கிக்கொண்டே போயிருக்கிறார். அந்த ஓரத்தில் அவன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் குனிந்து எழுதியபடியே மராத்தியில் கேட்டார், மணிச் சத்தம் கேட்கவில்லையா என்று. இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுபடி கேட்டார். குனிந்த தலையிலிருந்து என்ன வந்து சேரும் இவருக்கு? பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்: வண்டியில் ரேடியோ காது கிழிய அலறிக்கொண்டிருந்தது.

"ரேடியோதான் காரணமா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.

16 மார்ச், சனி

சயான் ஆஸ்பத்திரி. கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. மறுபடி நடப்பானா என்று இப்போது சொல்ல முடியாதாம். அவன் மனைவி முப்பிடாதியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன பழத்தைத் தொடவில்லை.

"மணி அடிச்சிக்கிட்டேதான் போனாகளாம்மா. விடாம அடிச்சாகளாம். அந்தப் பாட்டுப் பொட்டியத் தூக்கி ஒடைக்கச் சொல்லுங்க ஒங்க வீட்டு அய்யாவ. அதானே எங்க குடியக் கெடுத்துச்சு?"

நான் தலையை ஆட்டினேன்.

25 மார்ச், திங்கள்

கோர்ட்டில் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் திரும்பி வந்தது. வண்டியும் ரிப்பேர் பட்டறையிலிருந்து வந்தது. இசக்கி வந்து இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றினான். இன்று கேலி எதுவும் பேசவில்லை. "எங்க தெரு ஆளும்மா அவரு" என்று மட்டும் சொன்னான்.

அவன் போனதும் இவர் என் தோளைத் தொட்டார். முகம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"கவலைப்படாதே சுப்பு. ரேடியோதான் போயாச்சே. இனிமே ஜாக்கிரதையா ஓட்டுவேன். புதன்கிழமையிலேர்ந்து வண்டியிலயே போறேன்."

நம்பிவிட்டார்! ஊர் சொன்னதை அவரே நம்பிவிட்டார். நான் சொன்ன ஆமாமையும்.

26 மார்ச், செவ்வாய்

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால் என்னைப் பார்க்கச் சொன்னேன். சொன்னேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

லைசென்ஸ் ரத்து. மில்லில் இந்த மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பூனாக்காரர்களிடமிருந்து பதிலே இல்லை. விஜி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்னை. நேற்று அவளே ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிடுகிறார், குளிக்கிறார், ஊஞ்சலில் உட்காருகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நான் எதிரே போய் நின்றால் பேப்பரைத் தூக்கிக்கொள்கிறார், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஏன் சொன்னேன் என்பதை இதுவரை அவரிடம் சொல்ல முடியவில்லை.

காலையில் காபியைப் பக்கத்தில் வைத்து, "ரொம்பச் சூடா இருக்கு, ஆத்திக் குடியுங்கோ" என்றேன். டம்ளரைப் பார்த்தபடியே எடுத்து, அப்படியே ஒரு வாய் குடித்தார்.

சுட்டிருக்கும். முகத்தில் எதையும் காட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.